இருபதாவது வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு வடிகட்டின முட்டாள். என் மனைவி இதை முகத்துக்கு நேராகவே சொல்வாள். அவள் தம்பி, அதாவது என் மச்சான், ‘மாமா’ என்று மரியாதையாகத் தொடங்கிவிட்டுச் சொல்வான். கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் நான் அந்தப் பக்கம் திரும்பும்வரை பொறுத்திருந்து சொல்வார்கள். மூன்று தரப்பும் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான். ஆனால் என் முட்டாள்தனம் எவ்வளவு ஆழம் என்பது அவர்கள் யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஊரில் ஒருவன் சொத்தைக் காப்பாற்றுவான், இன்னொருவன் மானத்தைக் காப்பாற்றுவான். நான் ஒன்றரை வருஷமாக ஒரு மிஸ்டு காலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் அதையும் என் வாயைக் கொடுத்தே தொலைத்தேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் செல்போன் என்பது பேசுவதற்கு வாங்கியது இல்லை, மணி அடிப்பதற்கு வாங்கியது. முத்தியால்பேட்டையில், எதிரும் புதிருமாக இரண்டு மொபெட் வந்தால் ஒன்று யார் வீட்டுக்குள்ளாவது ஏறி வழிவிட வேண்டிய சந்தில் எங்கள் வீடு. எனக்கு வேலை தட்டாஞ்சாவடியில், மாத்திரை டப்பாவுக்கு அட்டைப்பெட்டி செய்கிற ஒரு சின்ன கம்பெனியில். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவேன். சோறு வடித்ததும் என் மனைவி தன் போனிலிருந்து எனக்கு ஒரு மணி அடித்து நிறுத்துவாள். ‘ஆச்சு, கிளம்பு’ என்று அர்த்தம். விட்டு விட்டு இரண்டு தடவை அடித்தால், ‘என்னவோ வாங்கி வரணும், ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடு’ என்று அர்த்தம். எதுவாக இருந்தாலும் நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவள் பேலன்ஸில் காசு போய்விடும்.

போன் வாங்கிய புதிதில் ஒரு தடவை ஆசைப்பட்டு எடுத்துவிட்டேன்.

“எதுக்குங்க எடுத்தீங்க?” என்றாள்.

“உன் குரலக் கேக்கலாம்னு.”

“இத்தினி வருஷமா கேட்டது பத்தலியா? வைங்க மொதல்ல.”

அதற்குப் பிறகு நான் எடுத்ததே இல்லை. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் அந்த ஒரு மணி தவறாது. முகம் கொடுத்துப் பேச மாட்டாள், மணி அடிப்பாள். முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில், பூக்காரி முழம் போட்டு நாரை அறுப்பதுபோல வெட்டென்று நிறுத்திவிடுவாள். அவள் கையால் ஒரு பைசா வீண்போனதில்லை.

அன்றைக்கு மணி முழுதாக அடித்தது.

நான் பேக்கிங் பகுதியில் நின்று, போனில் வந்திருந்த ஒரு ஜோக்கை அந்தப் பெண்களுக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த போனே அடித்தது. அவள் பெயர். நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. கடைசிவரை அடித்துத்தான் ஓய்ந்தது. “பாத்தியா, எங்க வூட்டம்மாவுக்கு இன்னிக்கு கட் பண்ணவே மனசு வரல” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜோக்குக்கு வந்த சிரிப்பைவிட இதற்கு அதிகம். அந்தப் பெருமையோடு கை கழுவிக்கொண்டு கிளம்புவதற்குள் ஆபீஸ் போன் அடித்தது. மச்சான் பேசினான்.

“மாமா, அக்காவ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க வூட்டுக்குப் போவாதீங்க. நேரா அங்க வந்துடுங்க.”

நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். அன்று மகளுக்குக் கல்லூரியில் பரீட்சை, அரை நாளோடு வந்துவிட்டாள், வந்து பார்த்தபோது அம்மா அடுப்படியில் கிடந்தாள், ஓடிப்போய் மாமாவைக் கூட்டிவந்தாள். இதெல்லாம் பிறகு யார் யாரோ சொல்லி நான் தெரிந்துகொண்டது. மகளிடம் நானாக எதையும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்டால் அழுவாளே என்று நான் நினைத்தேன். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து, மாதா கோவிலில் பூசை வைத்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகுதான் போனைப் பார்த்தேன். மிஸ்டு கால் பட்டியலைத் திறந்தால் அவள். பெயர்களில் முதலாவதாக வரவேண்டும் என்று அவளை ‘ஏஏ’ என்று பதிந்து வைத்திருந்தேன். “பேட்டரிக்கு வெக்கிற பேரா எனக்கு வெச்சிருக்கீங்க” என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். அந்த ஏஏ, தேதி, மணி. அவ்வளவுதான். எதற்காக அடித்தாள்? சோறு ஆச்சு என்று அடித்துவிட்டு நிறுத்த மறந்தாளா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாளா? அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். அதில் அதற்குமேல் ஒன்றும் எழுதியிருக்காது என்று தெரியும். தெரிந்தும் பார்ப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எனக்குக் கடைசியாகச் சொன்னது அதுதான். என்ன சொன்னாள் என்பது மட்டும் தெரியாது.

கொஞ்ச நாளிலேயே ஒரு உண்மை தெரியவந்தது. அந்தப் பட்டியலில் இருபது வரிக்குத்தான் இடம். புதிதாக ஒரு எண் உள்ளே வந்தால் கடைசி வரி வெளியே போய்விடும். ஒரே எண்ணிலிருந்து எத்தனை தடவை வந்தாலும் அது ஒரு வரிதான், மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். புது எண்தான் ஆபத்து. துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டவர்களே அவளை நாலைந்து வரி கீழே தள்ளியிருந்தார்கள்.

அன்றிலிருந்து புதுச்சேரியிலேயே மிக வேகமாகப் போன் எடுக்கிற ஆள் நான்தான். எடுத்துவிட்டால் அது மிஸ்டு கால் இல்லையே. சாப்பிடும்போது எடுப்பேன். மொபெட்டை ஓரங்கட்டி எடுப்பேன். கோவிலில் சாமியார் பிரசங்கம் பண்ணும்போது பெஞ்சுக்கு அடியில் குனிந்து எடுத்திருக்கிறேன். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற பெண்கள் முதல் மணியிலேயே ‘வணக்கம்மா’ என்று கேட்டதும் பயந்துபோவார்கள். “மூச்சு வாங்குதே சார், ஓடி வந்தீங்களா?” என்று ஒருத்தி விசாரித்தாள். “உனக்காகத்தாம்மா” என்றேன். அவளே வைத்துவிட்டாள்.

சலுகைக்காக மாசத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. இவர்களையெல்லாம்விடப் பெரிய எதிரி பாரிசில் இருந்தார். மனைவியின் பெரியப்பா மகன். சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் மூன்று தலைமுறை. தங்கமான மனிதர். தங்கை போன துக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்கு ஆறுதல் சொல்லக் கூப்பிடுவார். ஆனால் அங்கே கடையில் கார்டு வாங்கிச் சுரண்டிப் பேசுவார், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் விழும். அவர் ஆறுதல் சொல்லும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் தங்கைக்கு ஒரு வரி ஆபத்து. ஞாயிறு முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். “மாப்ளே, நா கூப்புடுவேன்னு காத்துக்கினே இருக்கீங்க போல, மனசு கேக்கல” என்று அங்கே அவர் தழுதழுப்பார். நான் இங்கே நெற்றியைத் துடைத்துக்கொள்வேன்.

மகளிடம் ஒருநாள் அந்த வரியைக் காட்டினேன். “அம்மா கடைசியா அடிச்சது. அழியாம வெச்சிருக்கேன்” என்றேன். வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள். அதற்குப் பிறகு அவள் என் போனுக்குக் கூப்பிடுவதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்து வீட்டிலிருந்து ஆபீஸ் போனுக்குத்தான் பேசுவாள். அம்மாவின் போனை வைத்துக்கொள் என்று எவ்வளவோ சொன்னேன், வேண்டாம் என்று அணைத்து பீரோவில் வைத்துவிட்டாள். அம்மாவின் வரி அழிந்துவிடக் கூடாதென்று பிள்ளைக்கும் எவ்வளவு அக்கறை என்று மச்சானிடம் சொல்லிப் பூரித்துப்போனேன். முட்டாள் என்று சொன்னேன் அல்லவா.

இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் போனுக்கு வயசாகிவிட்டது. பொத்தானை அமுக்கினால் யோசிக்கும். யோசித்துவிட்டு மணற்கடிகாரம் காட்டும். மெசேஜ் ஒன்று வந்தால் மூச்சுமுட்டி நின்றுவிடும். பச்சைப் பொத்தானை அமுக்கிக்கொண்டே ‘ஹலோ, ஹலோ’ என்று நான் கத்துவேன், அது மணியடித்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்டவர் அலுத்துப்போய் வைத்த பிறகு ஆற அமர எடுக்கும். அதற்குள் மிஸ்டு கால் விழுந்திருக்கும். நான் எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன். இரண்டு வாரத்தில் அவள் பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்குப் போனாள். ஒரு காலை பாத்ரூமிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்தும் எடுக்க முடியாமல் பத்தொன்பது. கறிக்கடைக்காரர் புது நம்பரிலிருந்து ஈரல் வேண்டுமா என்று கேட்டதில் இருபது.

இருபதாவது வரி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

மெமரியைக் காலி பண்ணினால் போன் வேகம் பிடிக்கும் என்று கம்பெனியில் சொன்னார்கள். திறந்து பார்த்தால் மெமரி முழுக்க ஜோக். யார் அனுப்பினாலும் அழிக்காமல் சேர்த்து வைத்திருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவளுக்குப் படித்துக்காட்டுவது என் வழக்கம். கத்தரிக்காய் அரிந்துகொண்டே கேட்பாள். “இதுல எங்க சிரிக்கணும்னு சொல்லுங்க, சிரிச்சிடுறேன்” என்பாள். ஒரேயடியாக அழிக்க அந்தப் போனில் வழி இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, அழித்தேன். ஒன்றுக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டும். டாக்டர் ஜோக், வாத்தியார் ஜோக், மாமியார் ஜோக். அன்றைக்குப் பேக்கிங்கில் படித்துக்கொண்டிருந்த ஜோக் வந்தது. அதை மட்டும் படிக்காமல் அழித்தேன்.

அழித்தும் போன் வழிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மச்சான் வந்தான். சட்டைப் பையில் ஒரு போன், பேண்ட் பையில் ஒரு போன் என்று திரிகிறவன். ஆறு மாசம் யாரோ ஒரு நண்பனின் செல்போன் கடையில் உட்கார்ந்து டீ குடித்ததால் தன்னை மெக்கானிக் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

“குடுங்க மாமா. இன்னாத்தப் போட்டு ரொப்பி வெச்சிருக்கீங்க இதுல? பாம்பு கேமு, காரு கேமு… யாரு மாமா வெளையாடறது?”

“உங்கக்கா.”

“அக்காவா?”

“ராத்திரியில. பாம்பு ரொம்ப நீளமாயிட்டா என்னைய எழுப்பிக் காட்டும்.”

அவன் பாம்பு கேமைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். பிறகு, “தூக்கிடவா?” என்றான். தூக்கு என்றேன். பாட்டுகள் போயின. படங்கள் போயின. யாரோ ப்ளூடூத்தில் அனுப்பி, திறக்கவே முடியாமல் கிடந்த என்னென்னவோ போயின.

“கால் லிஸ்ட்டும் கிளியர் பண்ணிட்டா பறக்கும் மாமா.”

அவன் கட்டைவிரல் மேல் பாய்ந்தேன். மனுஷன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டான்.

“தெரியும் மாமா, தெரியும், சும்மா சொன்னேன். கைய வுடுங்க, வலிக்குது. நா வேணா என் போன்ல அத ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்கவா? போனாலும் போட்டோ இருக்குமில்ல?”

“போட்டோதான் மாலையோட செவுத்துல தொங்குதே. இன்னொண்ணு எதுக்கு?” என்றேன். எவ்வளவு சாமர்த்தியமான பதில் பாருங்கள். எடுக்கவிட்டிருக்கலாம்.

கடைசியாகப் பேட்டரியைக் கழற்றி, ஊதி, மாட்டி, உயிர் கொடுத்தான். பொத்தானை அமுக்கினேன். சொன்னதும் செய்தது. திற என்றால் திறந்தது, மூடு என்றால் மூடியது. பட்டியலைப் பார்த்தேன், இருபதாவது வரியில் ஏஏ, தேதி, மணி. இனி எந்த நம்பர் வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடலாம். சாகிறவரை அவளை அந்த வரியிலேயே உட்காரவைத்துவிடலாம். அவள் போன பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அந்தச் சந்தோஷத்தில், ரிப்பேர் ஆன போனைக் கையில் வாங்கிய எவனும் சொல்வதை நானும் சொன்னேன்.

“மச்சான், ஒரு மிஸ்டு கால் குடு, பாப்பம்.”

அவனும் பழக்கதோஷத்தில் பேண்ட் பையிலிருந்த போனை எடுத்து அடித்தான். கணீரென்று அடித்தது. என் விரல் பச்சைப் பொத்தான் மேல்தான் இருந்தது. ஆனால் மிஸ்டு கால் என்று கேட்டு வாங்கியதை எப்படி எடுப்பது? அவன் காசு போய்விடாதா? இருபது வருஷம் அவளோடு குடித்தனம் பண்ணின கை, எடுக்கவில்லை. ஒரு மணி முடிந்தது. அவன் நிறுத்தினான்.

“கும்முனு அடிக்குதே மாமா” என்று சிரித்தான்.

“இது எந்த நம்பர்?” என்றேன்.

“புது சிம். நேத்துதான் வாங்கினேன். ராத்திரி பூரா ப்ரீ.”

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மாறிவிட்டது. நான் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். எவ்வளவு வேகமாக இறங்கியது தெரியுமா, அவ்வளவு நன்றாக ரிப்பேர் பண்ணியிருந்தான். இருபதாவது வரியில் கேஸ் ஏஜென்சி.

“மாமா, சட்டப் பையில இருக்கறதுலேந்து அடிச்சிருந்தா… அது பழைய நம்பரு…”

“வுடுடா. கேஸ் ஏஜென்சியும் நம்ம வூட்டுப் பொம்பள மாதிரிதான். எப்ப வருவாங்கன்னு தெரியாது” என்றேன். என் வாய் அப்படித்தான், எந்த நேரத்திலும் எதையாவது சொல்லிவைக்கும். அவன் சிரிக்கவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அக்கா அல்லவா. தாயைப் போல வளர்த்தவள்.

கொஞ்சம் கழித்து அவனுக்கே ஒரு யோசனை வந்தது. “மாமா, அக்கா போன் பீரோலதான இருக்குது? சார்ஜ் போட்டு, அதுலேந்து ஒரு தடவ அடிச்சா அக்கா பேரு திரும்ப மேல வந்துடும்.”

எனக்கு அது எவ்வளவு பெரிய யோசனையாகப் பட்டது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தேதி மாறும், மணி மாறும். மாறட்டுமே. பெயர் அவள் பெயர்தானே. சலுகை விலையில் வருகிறதென்று அவளுக்கு லைஃப்டைம் சிம் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஆள் போன பிறகும் அதற்கு ஆயுள் இருந்தது. பீரோ சாவி மகளிடம் இருந்தது. அவள் அடுப்படியில் உட்கார்ந்து, காலையில் வைத்திக்குப்பத்திலிருந்து வந்த நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

“பாப்பா, அந்த வரி போயிடுச்சும்மா.”

நிமிரவில்லை. “எந்த வரி?”

“அம்மாவோடது. நானும் மாமாவும் சேந்து தொலச்சிட்டோம். சாமர்த்தியத்துக்கு ஒரு மெடலு குடு.”

அவள் கை நின்றது. திட்டியிருந்தால் தேவலை. எனக்குக் கை ஓடவில்லை, வாய் மட்டும் ஓடியது.

“ஒண்ணும் பிரச்சன இல்ல. பீரோலேந்து அம்மா போன எடு. சார்ஜ் போட்டு எனக்கு ஒரு மணி அடி. பேரு வந்துடும். நீ அடிச்சா இன்னா, அம்மா அடிச்சா இன்னா, போனுக்குத் தெரியவா போவுது?”

மீன் செதில் ஒட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“அன்னிக்கும் நான்தாம்ப்பா அடிச்சேன்.”